அசையாத எழுபத்திரண்டு

மேலே அண்ணன், கீழே வாண்டு. டிஷ் மாட்டும் தொழிலைத் தொடங்கிய நாளிலிருந்து இதுதான் ஏற்பாடு.

மொட்டை மாடியில் நின்று அண்ணன் டிஷ்ஷை மயிரிழை மயிரிழையாகத் திருப்புவான். கீழே, முன்பின் தெரியாத ஒரு வீட்டின் கூடத்தில், முன்பின் தெரியாதவர்களின் சோபா நுனியில் தொற்றிக்கொண்டு, டிவியில் ஓடும் சிக்னல் எண்ணைப் பார்த்து வாண்டு தொண்டை கிழியக் கத்துவாள்.

"நாப்பது! நாப்பத்தி நாலு! ஏறுது, ஏறுது... அய்யோ போச்சு! வந்த வழியே வா!"

"எந்த வழி?"

"வந்த வழி!"

"எந்தப் பக்கம்னு சொல்லுடி!"

"உன் பக்கம்!"

தெருவில் போகிறவர்கள் ஏதோ குடும்பச் சண்டை என்று கொஞ்ச நேரம் நின்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

வாண்டு என்பது அவள் பெயர் இல்லை. சின்ன வயதில் பீரோ மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்கவே மாட்டேன் என்று அடம்பிடித்ததற்கு வீட்டில் வைத்த பட்டம். இப்போது அவள் ஏணியை ஒற்றைத் தோளில் போட்டுக்கொண்டு சந்து முழுக்க நடக்கிற ஆள். ஆள் வளர்ந்தாச்சு, பட்டம்தான் வளரவில்லை.

அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. மாடி. டிஷ்ஷைத் தன் கையால் பிடித்துத் திருப்பி, வானத்தில் எங்கேயோ கண்ணுக்குத் தெரியாமல் தொங்கும் ஒன்றைத் தேடிப் பிடிக்க வேண்டும். கூடங்களில் உட்கார்ந்து உட்கார்ந்து அலுத்துவிட்டது. கூடத்தில் ஒரு ஆள் சும்மா உட்கார்ந்திருந்தால் ஜனங்கள் விடுவார்களா? "வந்ததுதான் வந்தே, இந்த ஃபேன் ஏன் முனகுதுன்னு பாரும்மா" என்பார் ஒருவர். "கல்யாணம் ஆயிடுச்சா?" என்பார் இன்னொருவர். ஒரு வீட்டில் கைக்குழந்தையை இவள் கையில் கொடுத்துவிட்டு அந்தம்மா குளிக்கவே போய்விட்டார். குழந்தை ஒரு பக்கம் கத்த, இவள் ஒரு பக்கம் கத்த, எந்தக் கத்தலுக்கு எந்தப் பக்கம் திருப்புவது என்று புரியாமல் அண்ணன் மேலே டிஷ்ஷைச் சுற்றோ சுற்றென்று சுற்றினான்.

"அண்ணா, ஒரே ஒரு தடவை நான் ஏறுறேனே."

"ஏறு. யாரு வேண்டாம்னா? கீழ யாரு இருப்பா?"

"நீ இரு."

"நான் இருந்து? உன் அளவுக்கு எனக்குத் தொண்டை கிடையாது தாயே."

எப்போது கேட்டாலும் இதே பதில். சாக்குதான் என்று வாண்டுக்குத் தெரியும். ஆனால் சரியான சாக்கு. கீழே ஒருவர் இருந்துதானே ஆகவேண்டும்?

சிக்னல் தேடும் மீட்டர் என்று கடையில் ஒன்று கிடைக்கிறது. எந்தச் சாட்டிலைட்டைப் பார்த்தாலும் அது கீச்சென்று கத்தும். பக்கத்துச் சாட்டிலைட்டைப் பார்த்தும் அதே சந்தோஷத்தில் கத்தும். "இதுக்கு உன்னைவிட அறிவு கம்மி" என்று அண்ணன் அதைப் பையின் அடியில் போட்டுவிட்டான். பிடித்தது நாம் தேடிய சாட்டிலைட்தானா என்பது ரிசீவர் டிவியில் காட்டும் பக்கத்தைப் பார்த்தால்தான் தெரியும். போனில் பேசியும் பார்த்தார்கள். இரண்டு கையும் டிஷ்ஷில் இருக்க, போன் தோளுக்கும் கன்னத்துக்கும் நடுவில் இருக்க, கடைசியில் போன் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குள் இருந்தது. "கத்துறதுக்குச் சார்ஜ் வேண்டாம் பாரு" என்றான் அண்ணன், தொட்டிக்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டே.

பழைய சாமான் கடையில் வயர்க் குவியலுக்கு அடியில் அந்தக் கையடக்கக் கணினி கிடைத்தபோது வாண்டுக்கு முதலில் பளிச்சென்று எதுவும் தோன்றவில்லை. செங்கல்லில் பாதி இருந்தது. பக்கவாட்டில் ஒரு குச்சி செருகியிருந்தது. அந்தக் குச்சியால் திரையைத் தொட்டு வேலை வாங்க வேண்டும். ஏதோ ஒரு கிடங்கில் சரக்கு எண்ண வைத்திருந்ததாம். வெளிச்சத்தில் பார்க்கலாம் என்று கடை வாசலுக்குக் கொண்டுவந்து வெயிலில் நீட்டினாள். அங்கேதான் அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

உச்சி வெயிலில் போன் திரையில் தெரிவது பார்க்கிறவர் மூஞ்சி மட்டும்தான். இது நேர் எதிர். வெயில் படப்பட எழுத்து தெளிவாகிக்கொண்டே போனது. மொட்டை மாடிக்கென்றே செய்த மாதிரி.

"என்னம்மா அதையே மொறைச்சுட்டு நிக்கிறே? இரும்பு எடைக்குப் போடவா?" என்றார் கடைக்காரர்.

"போடுங்கண்ணே, போடுங்க. சீக்கிரம் போடுங்க" என்றாள் வாண்டு, அவர் மனசு மாறுவதற்குள்.

அதற்கப்புறம் அவள் வீட்டில் இருந்தும் இல்லாத மாதிரிதான். கூப்பிட்டால் "ம்" என்பாள். சாப்பிட்டாயா என்றாலும் "ம்", சாப்பிடவில்லையா என்றாலும் "ம்". யோசனை என்னவோ எளிமையானதுதான். ரிசீவரிலிருந்து வரும் படத்தை ஒரு குட்டிப் பெட்டி வழியாகப் பழைய லேப்டாப்புக்குள் கொண்டுவருவது. லேப்டாப் தன் திரையில் தெரிவதை அப்படியே வைஃபையில் அனுப்பும். கையடக்கக் கணினி அதை வாங்கிக் காட்டும். உடம்பு கீழே கிடக்க, முகம் மட்டும் மாடிக்குப் போகும். எளிமையான யோசனை படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல. முதலில் படம் தலைகீழாக வந்தது. பிறகு நேராக வந்து பச்சையாக வந்தது. கடைசியில் எல்லாம் சரியாக வந்தும் கொஞ்சம் பின்தங்கி வந்தது. கீழே நடப்பது மேலே தெரிய, ஒண்ணு ரெண்டு என்று எண்ணும் நேரம் பிடித்தது. அதை மட்டும் அவளால் குறைக்க முடியவில்லை.

"பரவால்ல. அண்ணன் காதுல என் குரல் ஏறவும் அவ்வளவு நேரம்தானே ஆகுது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அண்ணன் சாப்பிட உட்கார்ந்த நேரம் பார்த்து அவன் தட்டுக்குப் பக்கத்தில் அதை வைத்தாள்.

"என்ன இது, கால்குலேட்டரா?"

"டிவில வர்ற நம்பர் இதுல தெரியும். மாடில கழுத்துல மாட்டிட்டு நின்னா போதும். கீழ யாரும் இருக்க வேண்டாம். கத்த வேண்டாம். இப்ப சொல்லு, கீழ யாரு இருப்பா?"

அண்ணன் மெல்வதை நிறுத்தினான். அதைக் கையில் எடுத்து, திருப்பி, பின்பக்கம் பார்த்து, குச்சியை உருவி மறுபடி செருகினான். இத்தனை வருஷமாகக் கைகொடுத்த சாக்கு கண்ணெதிரே போய்விட்டது. புதுசாக ஒன்று தேட நேரம் வேண்டாமா?

"சரி" என்றான் கடைசியில். "நாளைக்கு அந்தச் சலூன் வேலை இருக்கு. காத்துல திரும்பிப்போன டிஷ். புதுசா மாட்டுற வேலை கிடையாது, பழையபடி நிறுத்தி வைக்கணும், அவ்வளவுதான். நீ ஏறு."

வாண்டு காத்திருந்தாள். அண்ணன் இவ்வளவு சுலபத்தில் இறங்கிவருகிற ஆள் இல்லை.

"ஆனா ஒண்ணு. நான் கீழருந்து வாயே திறக்க மாட்டேன். நீயும் மேலருந்து என்னை ஒரு வார்த்தை கேக்கக் கூடாது. கேட்டுட்டே, அப்புறம் மாடிங்கிற பேச்சையே எடுக்கக் கூடாது. காலம் பூரா டிவி முன்னாடிதான்."

"நீ வாயைத் திறந்துட்டா?"

"மாடி உனக்கு."

"ரெண்டு பேரும் பேசாம, நானே முடிச்சுட்டா?"

"அப்பப் பார்க்கலாம்."

"பார்க்கலாம்னா?"

"முடிச்சா மாடி உனக்குடி! போதுமா? இப்பச் சாப்பிட விடு."

சலூனில் இரண்டு நாற்காலி, ஒரே ஒரு சலூன்காரர். டிவி மூலையில் நீல நிறத்தில் முழித்துக்கொண்டிருந்தது. இவர்களைக் கண்டதும் சலூன்காரருக்கு உயிர் வந்தது.

"வாங்க தம்பி, வாங்க. காத்தடிச்சு டிவி போனதுலருந்து வர்றவன் எல்லாம் கண்ணாடியையே பாக்குறான். கண்ணாடியைப் பார்த்தா என்ன ஆகும்? குறை கண்டுபிடிப்பான். டிவி ஓடுச்சுன்னா நான் தலைல என்ன பண்றேன்னு ஒருத்தனுக்கும் தெரியாது."

சுவரோரம் பெஞ்சில் ஒரு பெரியவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவர் தலையில் வெட்டுவதற்கு ஒன்றும் இல்லை. தினம் பேப்பருக்காகவே வருகிறவர். ஒரு நாற்காலியில் கழுத்துவரை துணி போர்த்திய வாலிபன் ஒருவன் தன்னைத்தானே கண்ணாடியில் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

டிவிக்குக் கீழே பவுடர் டப்பாக்களை ஒதுக்கிவிட்டு வாண்டு லேப்டாப்பை வைத்தாள். அதன் பேட்டரி செத்து வெகுகாலம் ஆகிறது. மின்சாரம் போனால் அந்த நொடியே கண்ணை மூடிவிடும். பக்கத்தில் இருந்த பிளக்கில் வயரைச் செருகினாள். கையடக்கக் கணினியைத் தட்டி எழுப்பினாள். டிவியில் இருந்த சிக்னல் பக்கம் அதில் குட்டியாக வந்து நின்றது. பூஜ்ஜியம்.

"அண்ணே, இந்த லேப்டாப்பை மட்டும் யாரும் தொட்டுடாதீங்க."

"நான் எதுக்கும்மா அதைத் தொடப்போறேன்? எனக்குத் தலையே ஏகப்பட்டது இருக்கு."

அண்ணன் காலியாக இருந்த நாற்காலியில் போய்ச் சாய்ந்தான். "அண்ணே, எனக்கு ஷேவிங். நுரை நல்லா போடுங்க. வாயைத் திறக்கவே முடியாத மாதிரி."

வாண்டு அவனைக் கண்ணாடி வழியாக முறைத்துவிட்டு ஏணியில் ஏறினாள்.

மேலே போனதும் முதலில் சும்மா நின்றாள். கண்ணுக்கெட்டிய தூரம் வரை மாடிகள். எல்லா மாடியிலும் டிஷ்கள் ஒரே திசையில் முகம் தூக்கி, ஒரே ஆள் பேசுவதைக் கேட்கிற மாதிரி நின்றன. சலூன் டிஷ் மட்டும் காற்றில் முகம் திரும்பிப்போய், கோபித்துக்கொண்ட மருமகள் மாதிரி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

போல்ட்டுகளைத் தளர்த்தி, பக்கத்து மாடி டிஷ்ஷைப் பார்த்து அதே வாக்கில் இதையும் திருப்பினாள். கழுத்தில் தொங்கிய திரையைக் குனிந்து பார்த்தாள். ஒண்ணு, ரெண்டு. பூஜ்ஜியம். கொஞ்சம் நகர்த்தினாள். ஒண்ணு, ரெண்டு. பூஜ்ஜியம். இன்னும் கொஞ்சம். ஒண்ணு, ரெண்டு.

பன்னிரண்டு.

வாண்டுக்குக் கைகால் ஓடவில்லை. இத்தனை நாள் யாரோ திருப்பிய டிஷ்ஷின் எண்ணைக் கத்தினாள். இது அவளே திருப்பிய பன்னிரண்டு. தொட்டால் பறந்துவிடுமோ என்று விரலால் மட்டும் தள்ளினாள். முப்பத்தொன்று. பழக்க தோஷம், வாய் தானாக முணுமுணுத்தது: "முப்பத்தொண்ணு... நாப்பத்தஞ்சு... ஏறுது..." கேட்கிறவர் யாரும் இல்லை என்று ஞாபகம் வந்து சிரித்துக்கொண்டாள். ஐம்பத்தெட்டு. அறுபத்தாறு. எழுபத்திரண்டு.

இன்னும் கொஞ்சம் தள்ளினாள். எழுபத்திரண்டு. உச்சி வந்துவிட்டது போலிருக்கிறது என்று இன்னும் ஒரு துளி தள்ளிப் பார்த்தாள். எழுபத்திரண்டு. சரி, மேலேயும் கீழேயும் ஆட்டிப் பார்ப்போம் என்று டிஷ்ஷின் தலையைத் துளி தூக்கினாள். எழுபத்திரண்டு. அண்ணன் கைக்கே இப்படிப் பிடிவாதமாக ஒரு எண் நின்றதில்லை. பெருமை பிடிபடவில்லை அவளுக்கு. முதல் போல்ட்டை இறுக்கினாள். அடுத்தது மறுபக்கம் இருந்தது. ஸ்பேனரோடு டிஷ்ஷைச் சுற்றிக்கொண்டு போனவள், பாதி வழியில் அப்படியே நின்றுவிட்டாள்.

டிஷ்ஷுக்கு நேர் முன்னால் நின்றுகொண்டிருந்தாள்.

செய்யவே கூடாத காரியம். அண்ணன் எப்போதாவது மறந்துபோய் அப்படிக் குறுக்கே வந்தால் கீழே படம் பொத்தென்று விழும்; "முன்னாடி நிக்காதண்ணா!" என்று இவள்தான் அலறுவாள். அவசரமாக விலகப்போனவள் திரையைக் குனிந்து பார்த்தாள். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு.

எழுபத்திரண்டு.

நான் அவ்வளவா ஒல்லியாயிட்டேன் என்று முதலில் தோன்றியது. டிஷ்ஷுக்கு முன்னால் நீட்டிக்கொண்டு சிக்னலை வாங்கும் அதன் மூக்கு மேலேயே உள்ளங்கையை வைத்து மூடினாள். எழுபத்திரண்டு. டிஷ்ஷைப் பிடித்து ஓங்கி ஒரு ஆட்டு ஆட்டினாள். எழுபத்திரண்டு.

எத்தனை வீடு, எத்தனை டிவி, எத்தனை ஆயிரம் எண்களைக் கத்தியிருக்கிறாள்! எந்த வீட்டிலாவது எண் இப்படி அசையாமல் நின்றதுண்டா? எவ்வளவு நல்ல சிக்னலாக இருந்தாலும் எழுபத்தொன்று, எழுபத்திரண்டு, எழுபத்தொன்று என்று மூச்சு விட்டுக்கொண்டே இருக்கும். இது மூச்சு விடவில்லை. இது எண்ணே இல்லை. எண்ணின் போட்டோ. கீழே லேப்டாப் எப்போதோ படுத்துவிட்டது. கடைசியாக வந்த படத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு இந்தக் குட்டித் திரை சாதித்துக்கொண்டிருக்கிறது. அதற்கப்புறம் அவள் திருப்பியதெல்லாம் கண்ணைக் கட்டிக்கொண்டு திருப்பியது.

"அ..." என்று வாய் திறந்துவிட்டது. மாடி விளிம்புக்குப் போய், கழுத்தை நீட்டி, "அண்ணா, என்ன காட்டுது?" என்று கேட்டுவிட்டால் போதும். ஒரே ஒரு வார்த்தை. கேட்டால் அவ்வளவுதான், காலம் பூரா சோபா நுனி.

"அ... அச்சூ!" என்று பெரிதாக ஒரு தும்மலாக மாற்றிவிட்டு ஏணியில் இறங்கினாள்.

சலூனுக்குள் நுழைந்ததும் டிவியைத்தான் பார்த்தாள். சிக்னல் இல்லை என்று நீலத்தில் எழுதியிருந்தது. அண்ணன் முகத்தில் கண் இரண்டு மட்டும் தெரிந்தது, மீதி எல்லாம் நுரை. அந்தக் கண் இரண்டும் கூத்தாடிக்கொண்டிருந்தன. பார்த்துக்கொண்டேதான் இருந்திருக்கிறான், பாவி. எண் ஏறியது, நின்றது, விழுந்தது எல்லாவற்றையும் டிவியில் பார்த்துவிட்டு வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறான்.

"அப்பவே போயிடுச்சும்மா. நல்லா வந்துட்டிருந்தது, திடீர்னு போயிடுச்சு" என்றார் பேப்பர் பெரியவர்.

சலூன்காரர் வாலிபனின் காதோரம் டிரிம்மரை ஓட்டிக்கொண்டிருந்தார். அது ர்ர்ரென்று பாடிக்கொண்டிருந்தது. டிரிம்மரிலிருந்து வயர் வளைந்து வளைந்து போய், லேப்டாப் வயர் இருந்த பிளக்கில் முடிந்தது. லேப்டாப் வயர் பவுடர் டப்பா மேல் தலை சாய்த்துக் கிடந்தது.

"அண்ணே! தொடாதீங்கன்னு சொன்னேனே!"

"தொடலையேம்மா!" சலூன்காரர் நிஜமாகவே பதறினார். "நீ லேப்டாப்பைத் தொடாதேன்னே. நான் அது பக்கம்கூடப் போகல. வயரைத்தான் எடுத்தேன். தம்பிக்கு நுரை ஊறட்டும்னு இவருக்கு வந்தேன், டிவியை விட்டா கடைல வேலை செய்யிற ஓட்டை அது ஒண்ணுதான்."

வாண்டுக்கு அவரைத் திட்ட வாய் வரவில்லை. லேப்டாப்பைத்தான் சொன்னாள்; வயரைச் சொல்லவில்லை. சொன்ன சொல்லை மனிதர் அப்படியே காப்பாற்றியிருக்கிறார்.

"சரிண்ணே. இப்பக் குடுங்க."

"ஐயோ, எனக்கு ஒரு பக்கம்தான் ஆயிருக்கு" என்றான் வாலிபன், துணிக்குள்ளிருந்து கையெடுத்துக் கும்பிடாத குறையாக.

ஒரு பக்கத்தோடு ஒருவனை விட்டுவிட்டு எப்படி வேலை பார்ப்பது? வாண்டு பெஞ்சில் பெரியவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். டிரிம்மர் ஊர்ந்தது. சலூன்காரர் இன்றைக்கென்று பார்த்து அழகு பார்த்து அழகு பார்த்து வெட்டினார். அண்ணன் முகத்து நுரை காய்ந்து ஓரங்களில் வெடிக்கத் தொடங்கியது. அவன் புருவத்தை மட்டும் தூக்கி, மாடியைக் காட்டி, டிவியைக் காட்டி, ஏதோ ஒரு பெரிய பிரசங்கமே செய்தான். வாண்டு பெரியவரின் பேப்பரில் பாதியை வாங்கி முகத்துக்கு முன்னால் விரித்துக்கொண்டாள்.

பிளக் கிடைத்ததும் லேப்டாப்பை எழுப்பினாள். எழுந்ததும் செய்த முதல் வேலை, திரையின் ஓரத்தில் நொடி ஓடும் கடிகாரம் ஒன்றைத் திறந்து வைத்தது. நொடி ஓடினால் படம் உயிரோடு இருக்கிறது. நொடி நின்றால் எண்ணை நம்பாதே. இவ்வளவு சின்ன விஷயம். வீட்டில் வைத்து அத்தனை சோதனை செய்தபோது யாரும் வயரைப் பிடுங்கவில்லை. அதனால் தோன்றவே இல்லை.

"அண்ணே, இப்பச் சொல்றேன் கேட்டுக்கோங்க. லேப்டாப், வயர், பிளக், சுவிட்ச், அது நிக்கிற பலகை, ஒண்ணையும் தொடக் கூடாது."

"சுவத்தைத் தொடலாமா?"

"அதையும் தொடாதீங்க."

இரண்டாவது தடவை ஏறியபோது அவள் எதையும் வேடிக்கை பார்க்கவில்லை. இறுக்கியதைத் தளர்த்தினாள். ஒரு கண் நொடியில், ஒரு கண் எண்ணில். துளி தள்ளுவாள், ஒண்ணு ரெண்டு எண்ணுவாள், பார்ப்பாள். இருபது. ஐம்பத்துமூன்று. எழுபது. எழுபத்திரண்டு, எழுபத்தொன்று, எழுபத்துமூன்று, எழுபத்திரண்டு. மூச்சு விட்டது. உள்ளங்கையால் மூக்கை மூடினாள், பூஜ்ஜியத்துக்கு விழுந்தது. எடுத்தாள், எழுந்து வந்தது. போல்ட்டுகளை ஒவ்வொன்றாக, எண் மேல் வைத்த கண்ணை எடுக்காமல் இறுக்கினாள்.

கீழே டிவியில் யாரோ சோப்பு விற்கிற பாட்டு கடை வாசல் வழியாகத் தெருவுக்கு வழிந்து வந்தது. சலூன்காரர் "வந்துருச்சு, வந்துருச்சு!" என்று கூவினார். அண்ணன் குரல் கேட்கவே இல்லை.

அவள் இறங்கி வந்தபோது அண்ணன் மழமழவென்று முகத்தைத் துடைத்துக்கொண்டு தயாராக நின்றான்.

"தோத்துட்டே" என்றான்.

"யாரு? நான் உன்னை ஒரு வார்த்தை கேட்டேனா?"

"நடுவுல இறங்கி வந்தியே."

"இறங்கக் கூடாதுன்னா சொன்னே? கேக்கக் கூடாதுன்னே. நான் கேட்டது சலூன் அண்ணனை."

"மாடிலருந்து ஒரு சத்தம் வந்துச்சே?"

"தும்மினேன்."

"தும்மல் 'அ'ன்னு ஆரம்பிச்சு அவ்வளவு நேரம் யோசிக்குமா?"

"எனக்கு அப்படித்தான் வரும். நீயும் எதுவும் சொல்லாம கல்லு மாதிரி உட்கார்ந்திருந்தியே, உனக்கு மனசே கிடையாதா? கண்ணெதிர்ல படம் போகுது!"

"நான் வாயைத் திறந்தா மாடி உனக்குல்ல? எப்படித் திறப்பேன்?"

பேப்பர் பெரியவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "தம்பி, எனக்குப் புரிஞ்ச வரைக்கும் சொல்றேன். காலைல இந்த டிவி ஓடல. இப்ப ஓடுது. நீ இங்க நுரை போட்டுட்டுச் சாய்ஞ்சிருந்தே. அப்ப ஓட வெச்சது யாரு?"

அண்ணன் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று ஏணியில் ஏறினான். வாண்டு கீழே நின்று அண்ணாந்து பார்த்தாள். டிஷ்ஷைப் பிடித்து ஆட்டும் சத்தம். போல்ட்டைத் தட்டும் சத்தம். அப்புறம் ஒரு சத்தமும் இல்லை. ஏதாவது ஒன்றில் குறை கண்டுபிடிக்காமல் இறங்க மாட்டான் என்று நினைத்தாள்.

அண்ணன் இறங்கி வந்தான்.

"ஏண்டி, போல்ட்டை இவ்வளவா முறுக்குவே? அடுத்த காத்துக்கு வீடு பறந்தாலும் டிஷ் அங்கயே நிக்கும்."

அவன் வாயில் இதற்கு மேல் பாராட்டு வராது என்று அவளுக்குத் தெரியும்.

"அந்தத் தெருக்கோடி வீட்டு வேலைக்கு ஏணியை நீயே தூக்கு" என்றான்.

"எப்பவும் நான்தானே தூக்குறேன்?"

"இனிமே உனக்காகத் தூக்கு." ஏணியின் ஒரு முனையை எடுத்து அவள் தோளில் வைத்தான். கொஞ்ச தூரம் நடந்ததும் திரும்பாமலே கேட்டான்: "ஆமா, பிளக்கை யாரு பார்த்துப்பா?"

"நீதான்."

அண்ணன் லேப்டாப் பையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு நடந்தான்.

தெருக்கோடி வீடு உயரமான வீடு. மாடியில் காற்று நன்றாக அடித்தது. வாண்டு புது டிஷ்ஷை நிறுத்தி, திருப்பி, எண்ணிக்கொண்டிருந்தாள். நொடி ஓடியது. எண் முப்பது, நாற்பது என்று ஏறிவந்த நேரத்தில் திரையில் வெள்ளையாக ஒரு பெட்டி வந்து எண்ணை மூடிக்கொண்டது.

என்ன ஆச்சு என்று உற்றுப் பார்த்தாள். நொடி ஓடிக்கொண்டுதான் இருந்தது. வெள்ளைப் பெட்டிக்குள் ஓர் எழுத்து வந்தது. வெகுநேரம் கழித்து இன்னொரு எழுத்து. கீழே லேப்டாப்பில் ஒற்றை விரலால் யாரோ எழுத்தைத் தேடித் தேடிக் குத்துகிற வேகம்.

*இந்த வீட்ல நாய் இருக்கு*

வாண்டு காத்திருந்தாள்.

*என் மடில படுத்து தூங்கிருச்சு. எந்திரிக்க முடில. அந்தம்மா மிக்ஸி ரிப்பேர் பண்ண சொல்றாங்க. நீ பொறுமையா பண்ணு*

சிரிப்பில் ஸ்பேனர் கையிலிருந்து நழுவப் பார்த்தது. சிரித்து முடித்தபின்தான் உறைத்தது. எண் அந்தப் பெட்டிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டிருக்கிறது. மாடி ஓரத்துக்குப் போய் இரண்டு கையையும் வாயில் குவித்தாள்.

"அண்ணா! அந்தப் பெட்டியை ஓரமாத் தள்ளு! நம்பர் தெரியல!"

கீழேயிருந்து சத்தமே இல்லை. ஒண்ணு, ரெண்டு. பெட்டியில் மறுபடி எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தன.

*கத்தாத. நாய் முழிச்சுக்கும்*